பூஜ்யக் காற்று

ஜூன் 7

இரண்டு மணி நேர வேலை என்றுதான் கிளம்பினோம். இந்தக் குடிலில் இருக்கும் இரண்டு ஹீட்டர்களில் ஒன்று படுத்துவிட்டது. அதற்குச் சுருள் மாற்ற மெக்கானிக் வரவேண்டும். அவர் கை பட்டு என் கருவிகள் கெடாமல் பார்த்துக்கொள்ள நான் வரவேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று சமையற்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வந்த அரை மணியில் காற்று பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. வயர்லெஸ்ஸில் நிலையத்தைக் கூப்பிட்டேன். தலைவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: புயல் ஓயும்வரை ஒருவரும் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது.

அண்டார்டிகாவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை எந்தப் புயலுக்கும் நான் பயந்ததில்லை. இதற்கும் பயப்படவில்லை. குடில் உறுதியானது. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்றைப் பனிமேல் இறக்கி, உள்ளே மரப்பலகை அடித்தது. நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, காற்று வரும் திசையில் இருக்கிறது. ஜெனரேட்டர் புகை இங்கே எட்டாது. எனக்கு வேண்டியது சுத்தமான காற்று. மின்சாரம் கேபிளில் வருகிறது. இந்தக் கோடியில் ஒரு படுக்கை, அந்தக் கோடியில் ஒன்று. மேசை, மின் கெட்டில், அவசரத்துக்கு வைத்த உணவுப் பெட்டி. ஒரு வாளியும் உண்டு. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

கஷ்டம் கூட இருக்கும் ஆள். சென்னியப்பன், திருச்செங்கோட்டுக்காரர், நிலையத்தின் வண்டி மெக்கானிக். இருபத்து மூன்று பேரில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். அதனாலேயே நாங்கள் உயிர் நண்பர்கள் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். மனிதர் வாய் ஓயாது. நானோ பேச்சு இல்லாத இடம் தேடித்தான் இத்தனை தூரம் வந்தேன்.

ஜூன் 8

காலை என்பது கடிகாரத்தில் மட்டும்தான். சூரியன் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஜூலைக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும்.

உப்புமாப் பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டோம். சென்னியப்பன் சுருளை மாற்றினார், ஹீட்டர் எரிந்தது. வேலை நடந்த நேரம் முழுவதும் கதையும் நடந்தது. இங்கே வருவதற்கு முன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளில் மெக்கானிக்காக ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். ராஜஸ்தானில் எழுநூறு அடி தோண்டியும் தண்ணீர் வராமல் ஊர்க்காரர்கள் லாரியைச் சிறைபிடித்த கதையை மூன்றாவது தடவையாகக் கேட்டேன். பிறகு கருவிகள் பக்கம் திரும்பினார்.

“ஏனுங் சார், நானும் ஏழு மாசமாப் பாக்கறன். இந்தப் பொட்டியவே கட்டிப் புடிச்சுட்டு இருக்கறீங்க. இது என்னதானுங் பண்ணுது?”

யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் எனக்கும் வாய் அடங்காது.

“வெயிலு வருதுல்லா, அத காத்து பெருசா மறிக்காது. நேரா தரைக்கு வந்துரும். தரை சூடாகி அந்தச் சூட்டத் திருப்பி மேல அனுப்பும். அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்வே. அகச்சிவப்புன்னு பேரு. காத்துல பெரும்பங்கு நைட்ரஜன், மிச்சம் ஆக்சிஜன். ரெண்டும் அதத் தொடாது, போறியா போன்னு விட்டுரும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் இத்துனூண்டு இருந்துக்கிட்டு, அதுகதான் புடிச்சு நிறுத்தும்.”

“புடிச்சு வெச்சுக்குமுங்களா?”

“வெச்சுக்கிடாது. எல்லாப் பக்கமும் திருப்பி விடும். அதுல ஒரு பங்கு மறுபடி கீழ வரும். அதனாலதான் பூமி உறஞ்சு போகாம கெடக்கு.”

“செக்போஸ்ட் மாதிரின்னு சொல்லுங். கார விட்டுடறான், லாரியப் புடிச்சு ஓரங்கட்டறான். பாதி லாரி வந்த வழியே திரும்பிப் போவுது.”

ஒத்துக்கொள்ள மனமில்லை, ஆனால் சரியாகத்தான் சொன்னார். எல்லா லாரியும் மாட்டுவதில்லை என்று மட்டும் திருத்தினேன். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று உள்ள அலைநீளங்களைத்தான் பிடிக்கும். நீராவி பிடிக்கும் வரிசைக்கும் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும் வரிசைக்கும் நடுவே, அவ்வளவாகக் காவல் இல்லாத ஒரு பாதை இருக்கிறது. அந்த அலைநீளத்தில் கிளம்பும் சூடு நேராக விண்வெளிக்குப் போய்விடும். காற்றில் ஈரம் குறையக் குறைய அந்தப் பாதை அகலமாகும்.

“ராஜஸ்தான்ல பகல்ல அம்புட்டு வெயிலடிச்சும் ராத்திரி குளுருச்சுன்னு சொன்னீருல்லா? அங்க காத்துல ஈரம் கம்மி. எங்க உடன்குடி கடக்கரை, ராத்திரியும் பனியன் நனைய வேர்க்கும். இங்க ராஜஸ்தானவிடக் காஞ்ச காத்து. மேகமும் இல்லைன்னா தரைச் சூடு நிக்காம ஓடிரும்.”

கூரைமேல் இருக்கும் கருவி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வானம் எவ்வளவு சூட்டைத் திருப்பித் தருகிறது என்று அளக்கும். மேகம் இருந்தால் எண் ஏறும், வானம் வெளுத்திருந்தால் இறங்கும். மேசைமேல் இருக்கும் அனலைசர் வெளிக்காற்றை ஒரு குழாயால் உறிஞ்சி, அதன் ஊடே அகச்சிவப்பு விளக்கைப் பாய்ச்சும். எவ்வளவு வெளிச்சம் விழுங்கப்பட்டது என்பதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று சொல்லிவிடும். வானம் முழுக்க நடக்கிற காரியத்தை ஒரு விரல் நீளக் குழாய்க்குள் நடத்திப் பார்ப்பதுதான். இரண்டு கருவியையும் ஒரு வருடம், ஒரு நாள்கூட முறியாமல் ஓட்ட வேண்டும். ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். நாற்பத்தேழு வயதில் எனக்கு இன்னொரு தடவை இந்த வாய்ப்பு கிடைக்காது.

தொந்தரவு ஒன்றே ஒன்றுதான்: ஆட்கள். நாம் விடும் மூச்சில் வெளிக்காற்றில் இருப்பதைவிட நூறு மடங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அதனால் குடிலுக்குள் யாராவது நுழைந்தால் அந்த நேரத்து எண்களின் பக்கத்தில் ‘மூச்சு’ என்று குறி போட்டுவிடுவோம். குறி போட்ட எண்ணை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இதுதான் பழக்கம். நேற்றிலிருந்து எல்லா எண்ணுக்கும் ‘மூச்சு’ விழுந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 9

புதுச்சுருளும் கருகிவிட்டது. மாற்றுச் சுருள் நிலையத்தில்தான் இருக்கிறது. ஒற்றை ஹீட்டர் இந்தக் குளிருக்குப் போதவில்லை. காலையில் உள்ளே இரண்டு டிகிரி. அனலைசருக்குக் குறைந்தது பத்து டிகிரி வேண்டும்.

சென்னியப்பனிடம் சொன்னதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். வேலை என்று வந்தால் குறை சொல்ல முடியாது. காற்றுப்போக்கி இரண்டிலும் கருவி வந்த பெட்டியின் தெர்மாகோலை அளவாக அறுத்துச் செருகினார். கதவு இடுக்கு, கேபிள் நுழையும் துளை, கூரையில் இருக்கும் அவசரக் கதவின் விளிம்பு எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்து டேப் ஒட்டினார். நானும் டார்ச் அடித்து விட்டுப்போன இடங்களைக் காட்டினேன்.

“இனி எறும்புகூடப் பூராதுங் சார்.”

சாயங்காலம் பதின்மூன்று டிகிரி. “உம்ம கைய ஒத்துக்கிடுதேன்வே” என்றேன். முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நல்ல பெயரை ஒரு மணி நேரத்தில் கெடுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் அனலைசருக்குப் போகும் குழாயில் அவருடைய ஈரக் காலுறைகள் தொங்குகின்றன. ஹீட்டருக்கு மேலே போகிற குழாய், சீக்கிரம் காய்ந்துவிடுமாம்! “அது என்ன கொடிக்கயிறாவே?” என்று கேட்டு இரண்டையும் பிடுங்கி எறிந்தேன்.

ஜூன் 10

காற்று ஓயவில்லை. கதவுக்கு வெளியே பனி அடைந்து சத்தம் குறைந்துவிட்டது; அதனால் சென்னியப்பனின் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. பேசாத நேரத்தில் முணுமுணுப்பாகப் பாட்டு. பாடாத நேரத்தில் கைப்பேசியில் மகளின் காதுகுத்து வீடியோ. சொந்தக்காரர்களின் இரைச்சல், மேளம், குழந்தையின் அழுகை. முதலில் இருந்து மறுபடியும்.

மதியம் படுக்கையில் சாய்ந்தவன் கண் விழித்துப் பார்த்தால் அனலைசரின் பிளக் வெளியே கிடக்கிறது. அது இருந்த இடத்தில் அவருடைய கைப்பேசி சார்ஜர்.

“சித்த நேரந்தானுங் சார். பாட்டிரில ஓடிக்கிட்டுத்தான இருக்குது? பொட்டி நிக்கலீங்களே.”

“நின்னுருந்தா? ஏழு மாசம்வே! மண்ணுல ஓட்ட போடுத பயலுக்கு இதோட அரும எங்க தெரியப் போவுது? வாய மூடிக்கிட்டு ஒரு மூலைல கெடக்கத் தெரியாதா உமக்கு?”

சார்ஜரைக் கழற்றி எடுத்துக்கொண்டார். முகம் சுருங்கிப்போனது. சொன்னது சொன்னதுதான்.

ஹீட்டரின் சூடு அந்தக் கோடிவரை வீணாகப் போகிறது என்பது எனக்கு நேற்றே தோன்றியிருந்தது. இடத்தைக் குறுக்கினால் கருவிப் பக்கம் சூடு சீராக இருக்கும். நாங்கள் வந்த பனி ஸ்கூட்டரை மூடக் கொண்டுவந்த தார்ப்பாயைக் குறுக்கே கட்டி, கூரையிலிருந்து தரைவரை ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். சென்னியப்பன்தான் ஒரு முனையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஒட்டி முடித்ததும், “நானு அக்கட்டாலயே இருந்துக்கறனுங் சார்” என்று கம்பளிப் பையோடு கடைசி இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போனான். அந்த இடுக்கையும் ஒட்டினேன். வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம்.

இது கருவிக்காகச் செய்ததுதான்.

ஜூன் 11

நன்றாகத் தூங்கினேன், பத்து மணி நேரம். ஆனாலும் எழுந்ததும் தலைவலி. வாளி நாற்றம் காரணமாக இருக்கும். ஒற்றை ஹீட்டரில் எனக்கு வேர்க்கிறது! சென்னியப்பன் அடைத்த அடைப்பு அப்படி.

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து பாட்டு இல்லை, காதுகுத்து இல்லை. எத்தனை நாள் கழித்து அமைதி. பிஸ்கட்டும் தேநீரும் வேண்டுமா என்று கேட்டேன். “வேண்டாமுங்... தலை வலிக்குதுங்” என்றான். எனக்கும்தான் வலிக்கிறது. ஊமைக்கோபம் பிடித்தவனிடம் கெஞ்ச என்னால் முடியாது.

நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். காற்று அப்படியே இருக்கிறதாம், பொறுத்திருக்கச் சொன்னார்கள். சென்னியப்பன் நலமா என்று கேட்டார்கள். தூங்குகிறார் என்றேன்.

கருவி இரண்டும் கிறுக்குப் பிடித்து நிற்கின்றன. கூரைக்கருவியின் எண் தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அதாவது வானத்தில் மேகமே இல்லையாம், சூடெல்லாம் தடையில்லாமல் மேலே போகிறதாம். இவ்வளவு பெரிய புயலில்! அதை மூடியிருக்கும் குமிழ் உடைந்திருக்க வேண்டும். அனலைசர் அதற்கு மேல். நேற்று இரண்டாயிரம் சொன்னது, இன்று காலை அளவு தாண்டிவிட்டது என்று நட்சத்திரக் குறிதான் போடுகிறது. வெளிக்காற்றில் நானூற்றுச் சொச்சத்துக்கு மேல் இருக்க வழியே இல்லை. எல்லாவற்றுக்கும் ‘மூச்சு’ என்று குறி போட்டேன்.

மூச்சு கொஞ்சம் வாங்குகிறது. உட்கார்ந்த இடத்தில் வாங்குகிறது. உப்புமாவில் போட்ட எண்ணெய் ஆகவில்லை போல.

ஜூன் 11, மறுபடி

அந்தப் பக்கம் குறட்டை. அவன் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. நல்ல தூக்கம். தூங்கட்டும்.

ஜூன் 12

தேதி சரிதானா என்று இரண்டு தடவை பார்த்தேன். எழுத்து கோணுகிறது. தலைக்குள் உரல் இடிக்கிறது.

அனலைசரை இப்படியே விடக் கூடாது. கெட்டுவிட்டதா இல்லையா என்று தெரிய வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. அளவு தெரிந்த வாயு சிலிண்டரில் இருக்கிறது, நானூறு. அதைக் கொடுத்தால் கருவி நானூறு சொல்ல வேண்டும். பூஜ்யக் காற்று இன்னொரு சிலிண்டரில், கார்பன் டை ஆக்சைடை முழுக்க நீக்கிய சுத்தமான காற்று. அதைக் கொடுத்தால் பூஜ்யம். திருகைப் பொருத்த வெகுநேரம் ஆயிற்று. இடதா வலதா என்று மறந்து மறந்து போயிற்று. பத்து வருடமாகச் செய்கிற வேலை.

நானூறு கொடுத்தேன். நானூறு. பூஜ்யம் கொடுத்தேன். பூஜ்யம்.

கருவி கெடவில்லை! அப்படியானால் குழாய். தடவிக்கொண்டே போனேன், கண்டுபிடித்தேன். ஹீட்டருக்கு மேலே இணைப்பு கழன்று கிடக்கிறது. வெளிக்காற்றை விட்டுவிட்டு அறைக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. முடுக்கினேன். சற்று நேரத்தில் நானூற்று இருபது. அருமையான எண். இனி குறி போட வேண்டிய அவசியமே இல்லை. என் பதிவு பிழைத்தது. அழுகை வந்துவிட்டது, எதற்கென்று தெரியவில்லை.

காலுறை செய்த வேலையைப் பாரும் என்று சொல்லிக்காட்டக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் கோபம்.

படுக்கப் போகிறேன்.

குழாய் கழன்றிருந்தது. அப்படியானால் அது இத்தனை நாளாகச் சொன்ன எண் இந்த அறையில் இருக்கிற

ஜூன் 13

நிலையத்தின் மருத்துவ அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எழுதியதைப் படித்தேன். யாரோ குடிகாரன் எழுதியதுபோல் இருக்கிறது.

அந்த வரியை எழுதும்போதுதான் உறைத்தது. கருவி பொய் சொல்லவில்லை. அது எங்கள் மூச்சை அளந்து, அளந்து, கடைசியில் அளக்க முடியாமல் நட்சத்திரம் போட்டது. நான் குறி போட்டு ஒதுக்கினேன். பிறகு குழாயைச் சரிசெய்து அதன் வாயையும் அடைத்தேன். இரண்டு பேர் விட்ட மூச்சு போக வழியில்லாமல் எங்களைச் சுற்றியே நின்றது. இருபது வருடமாக இந்த வாயுவைத்தான் படிக்கிறேன்.

எழுந்தேன், முழங்கால் மடங்கியது. காற்றுப்போக்கியின் தெர்மாகோலைப் பிய்த்தேன். பின்னால் கல்லாக இறுகிய பனி. கதவு உள்பக்கம் திறப்பது, திறந்தேன். வாசல் முழுக்கப் பனிச் சுவர், கதவின் கைப்பிடி அச்சுக்கூட அதில் பதிந்திருந்தது. தார்ப்பாயைக் கத்தியால் கிழித்தேன். அங்கிருந்து வந்த காற்று முகத்தில் அடித்தது. ஈரமாக, புளிப்பாக இருந்தது. சென்னியப்பன் குளிருக்குப் பயந்து தலைக்கு மேல்வரை பையை இழுத்து மூடியிருந்தான். ஹீட்டர் என் பக்கம் இருந்தது. தார்ப்பாய் அவனுக்கு விட்டது படுக்கை அளவு இடம்தான். பையைத் திறந்தேன். உதடு கறுத்திருந்தது. கன்னத்தில் அறைந்தேன், கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது, பெரிது பெரிதாக, இடைவெளி விட்டு.

தூக்க முடியவில்லை. இரண்டு அடி இழுப்பதற்குள் எனக்கே கண் இருட்டியது. அப்போதுதான் பூஜ்யக் காற்று நினைவுக்கு வந்தது. அதில் ஆக்சிஜன் இருக்கிறது. மூச்சுவிட அதைவிடச் சுத்தமான காற்று இந்தக் கண்டத்திலேயே இல்லை. பக்கத்தில் அதே உயரத்தில், அதே சாம்பல் நிறத்தில் நைட்ரஜன் சிலிண்டர். அதைத் திறந்துவிட்டிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். பெயர்ச்சீட்டை விரல் வைத்து, வாய்விட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம்பிக்கை வராமல் மறுபடியும் படித்தேன். பிறகு குழாயை அவன் மூக்கருகே டேப் போட்டு ஒட்டி, திருகை முழுக்கத் திறந்தேன். நானும் குனிந்து அதில் கொஞ்சம் குடித்தேன். கப்பல் வரும்வரை என் கருவிக்கு வைத்திருந்தது மொத்தமும் சீறிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் செத்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

தலை சற்றுத் தெளிந்ததும் மேசைமேல் ஏறி, கூரைக் கதவின் டேப்பை உரித்து, அவனுடைய பெரிய ஸ்பானரால் இடித்தேன். எத்தனை இடி என்று தெரியாது. ஒரு கட்டத்தில் ஐஸ் விரிந்து, கதவு மேலே எழும்பி, பனி தலையில் கொட்டியது. தலையை வெளியே நீட்டினேன்.

மேலே நட்சத்திரங்கள். கொத்துக் கொத்தாக, ஒரு பிசிறு மேகம் இல்லாமல். புயல் என்று நாங்கள் அடைந்து கிடந்தது, தரையோடு ஓடும் பனித்தூளுக்காக; அது கூரை உயரத்தைத் தாண்டவில்லை. கூரைக்கருவி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் நான் நம்பவில்லை. குளிர் பல்லைக் கழற்றியது. வாயைத் திறந்து அந்தக் காற்றைக் குடித்தேன். குடித்துவிட்டுக் கீழே இறங்கி அவனை மேசைக்கு இழுத்து, கீழிருந்து தோள்கொடுத்து மேலே ஏற்றி, கூரைத் துளைக்கு நேராக முகம் இருக்கும்படி சாய்த்து உட்காரவைத்தேன். கையில் கிடைத்த துணியெல்லாம் அவன்மேல் சுற்றினேன். வயர்லெஸ்ஸில் கத்தினேன். தமிழில் கத்தினேனாம், ஆபரேட்டருக்கு ஒன்றும் புரியாமல், குரலை வைத்தே ஆட்களை அனுப்பியிருக்கிறார்.

நிலையத்து டிராக்டர் வருவதற்குள் அவன் முனகினான். “சென்னியப்பன், பேசும்வே. எதையாவது பேசும்” என்று உலுக்கிக்கொண்டே இருந்தேன். வாந்தி எடுத்தான். பிறகு, “குளுருதுங்” என்றான்.

குளிரில் அனலைசர் நின்றுவிட்டது. பதிவு ஏழு மாதத்தோடு முறிந்தது.

ஜூன் 15

சென்னியப்பனுக்கு ஆபத்து இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொன்னார். “அவர் உங்களைவிட ஏன் இவ்வளவு மோசமாக இருந்தார்? ஒரே அறைதானே?” என்றும் கேட்டார். பைக்குள் தலையை மூடித் தூங்கினார் என்றேன். அது பொய் இல்லை.

தலைவருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். அடைப்பு, கழன்ற குழாய், பூஜ்யக் காற்று, கூரைக் கதவு. ‘மெக்கானிக் அறையின் மறுகோடியில் உறங்கிக்கொண்டிருந்தார்.’ படித்துவிட்டுத் தலைவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார்.

மருத்துவ அறை வாசலில் நின்றேன். உள்ளே சமையற்காரரிடம் அவர் இந்தியில் லாரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், ராஜஸ்தான் கதை. நான் நுழைந்ததும், “வாங் சார்” என்று எழுந்து உட்கார்ந்தார். உடம்பு தேவலையா என்றேன். “தேவலைங் சார்.” வேறு ஏதாவது வேண்டுமா என்றேன். “ஒண்ணும் வேண்டாமுங்.” நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 17

சனிக்கிழமை விருந்து. தலைவர் எனக்குப் பாராட்டுக் கடிதம் வாசித்தார். தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புகிறாராம். சேமியாப் பாயசம். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சென்னியப்பனை எழுந்து பேசச் சொன்னார்கள்.

பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் எழுந்தார். இந்தியில், கையை ஆட்டி, சிலிண்டர் சீறுகிற சத்தத்தை வாயால் எழுப்பி, பிரமாதமாகச் சொன்னார். தன் காலுறைக் கதையைச் சொல்லித் தன்னையே கேலி செய்துகொண்டார். சார் ஏழு மாதப் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினார் என்று முடித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மண்ணில் ஓட்டை போடுகிற பயல் என்று நான் திட்டியது அதில் இல்லை. தார்ப்பாயும் இல்லை.

இந்த வாரம் பாத்திர முறை எங்கள் இருவருக்கும் விழுந்திருந்தது. அவர் கழுவ, நான் துடைத்து அடுக்கினேன். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

“தார்ப்பாயப் பத்தி ஏன்வே சொல்லல?”

தட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, வண்டியில் இந்தப் பாகம் இங்கே கிடைக்காது என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார்.

“சொல்லி என்னுங் சார் ஆவப்போவுது? கப்பலு வர இன்னும் அஞ்சு மாசங் கெடக்குது. அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குள்ளதானுங்களே இருந்தாகோணும்.”

அதன்பிறகு கடைசித் தட்டு முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.